வீட்டில் நறுமணத் தைலம்: மணத்தை ஏற்றி நீரை விலக்கும் முறை

வீட்டில் வாசனைத் தைலம் செய்து பார்த்துக் கைவிட்டவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். ஜாடி நிறையப் பூவைப் போட்டு, மூழ்கும்வரை எண்ணெய் ஊற்றி, வெயிலில் வைத்திருப்பார்கள். முதல் இரண்டு நாள் மணம் அள்ளிக்கொண்டு போகும். ஒரு வாரத்தில் எண்ணெய் கலங்கி, பத்தாம் நாள் புளித்த வாடை எழுந்து, எல்லாவற்றையும் கொட்டியிருப்பார்கள். பூவின் மீதும் குற்றமில்லை, எண்ணெயின் மீதும் குற்றமில்லை. பூவின் எடையில் பெரும்பகுதி நீர். மணம் இறங்கிய வழியிலேயே அந்த நீரும் எண்ணெய்க்குள் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். கீழே வரும் முறைகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்றாலும், எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் வேலை ஒன்றே: மணம் எண்ணெயில் ஏற வேண்டும், நீர் ஏறக் கூடாது.

வீட்டில் எது முடியும், எது முடியாது என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜ் நகரில் அத்தர் வடிப்பவர்கள், டேக் எனப்படும் செம்புக் கொப்பரையில் பூவையும் நீரையும் இட்டு, மூடியைக் களிமண் பூசி அடைத்து, விறகுத் தீயில் நிதானமாகக் காய்ச்சுகிறார்கள். எழும் ஆவி மூங்கில் குழாய் வழியாகச் சென்று, நீர்த்தொட்டியில் அமிழ்ந்திருக்கும் பப்கா என்ற செம்புக் குடத்தில் குளிர்கிறது. குடத்தில் முன்பே ஊற்றி வைத்திருக்கும் சந்தன எண்ணெய் பூவின் மணத்தை வாங்கிக்கொள்ள, கனமான நீர் அடியில் தங்கிவிடுகிறது. பிறகு அந்த நீரை வடித்துவிடுகிறார்கள். அங்கும் கடைசி வேலை நீரைப் பிரிப்பதுதான். ஆனால் அந்த முறைக்கு வேண்டிய பூவின் அளவு வீட்டுக் கணக்கில் அடங்காது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு ஏறத்தாழ 3,000 முதல் 5,000 கிலோ வரை இதழ்கள் தேவைப்படுகின்றன என்றால், அடுக்களையில் இரண்டு கிலோ இதழைக் காய்ச்சி என்ன கிடைக்கும்? மணநீர் கிடைக்கும், எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. பிரஷர் குக்கரின் வாயில் குழாய் பொருத்திக் காய்ச்சும் விளையாட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. குழாயில் ஓர் இதழ் சிக்கினாலும் உள்ளே அழுத்தம் ஏறிவிடும்.

ஆகவே வீட்டுக்கு ஏற்றவை, காய்ந்த பொருள்களை எண்ணெயில் ஊறவைப்பதும், புதுப் பூக்களை மாற்றி மாற்றி வைத்து மணம் ஏற்றுவதும்தான். இரண்டுமே வடித்தலைவிடப் பழைய வழிகள்.

எண்ணெயைத் தேர்வதில் அவசரப்பட வேண்டாம். ஜோஜோபா எண்ணெய் என்று நாம் அழைப்பது உண்மையில் திரவ நிலையில் இருக்கும் ஒரு மெழுகு. அதற்கு மணம் மிகக் குறைவு, பல ஆண்டுகள் வைத்தாலும் எளிதில் கெடாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். அதிலிருந்து பிரித்தெடுத்து விற்கப்படும் உறையாத தேங்காய் எண்ணெய் நிறமும் மணமும் அற்றது, விரல்களில் பிசுபிசுப்பதும் இல்லை. பாதாம் எண்ணெய் தோலுக்கு இதமானது, ஆனால் ஓராண்டுக்குள் சிக்கு வாடை பிடிக்கத் தொடங்கலாம். முருங்கை விதை எண்ணெயைப் பண்டைய எகிப்திலும் கிரேக்கத்திலும் வாசனைத் தைலம் செய்தவர்கள் விரும்பிப் பயன்படுத்தினார்கள். கிடைத்தால் விட வேண்டாம். நல்லெண்ணெயில் இயல்பாகவே உள்ள செசமால் போன்ற பொருள்கள் அதைக் கெடாமல் காக்கின்றன என்றாலும், அதற்கென்று ஒரு மணம் உண்டு. அந்த மணம் வெட்டிவேரோடு ஒத்துப்போகும், மல்லிகையை அமுக்கிவிடும். முதல்முறை செய்கிறவர் பூவுக்கு ஜோஜோபாவையும் வேருக்கு நல்லெண்ணெயையும் எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

பாத்திரங்கள் கண்ணாடியாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக் மணத்தைக் குடித்துக்கொள்ளும், அடுத்த தைலத்துக்குள் திருப்பியும் விடும். கழுவிய ஜாடியைத் துணியால் துடைத்த கையோடு பயன்படுத்தாமல், வெயிலிலோ இளஞ்சூட்டு அடுப்பிலோ ஒரு மணி நேரம் வைத்து, முழுவதும் ஆறிய பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும்.

வேரும் பிசினும்

தொடங்குவதற்கு வெட்டிவேரே உகந்தது. பிழை செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். வேரை மண் போக ஒருமுறை அலசி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, கால் அங்குலத் துண்டுகளாகக் கத்தரித்துக்கொள்ளுங்கள். காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டு முடிவு செய்யக் கூடாது. உலர்ந்த சிறு ஜாடி ஒன்றில் வேரைப் போட்டு இறுக மூடி, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். ஜாடியின் உட்புறத்தில் மெல்லிய பனிப்படலம் படர்ந்தால், தொட்டால் காய்ந்ததுபோல் இருந்த அந்த வேருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். கண்ணாடி தெளிவாகவே இருந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். இலை, பட்டை, கிழங்கு எதுவானாலும் இந்தச் சோதனை செல்லும்.

100 மில்லி எண்ணெய்க்கு 10 முதல் 12 கிராம் வேர் போதும். ஜாடியில் வேரை இட்டு எண்ணெய் ஊற்றி, அடியில் துணி மடித்துப் போட்ட பாத்திரத்து நீரில் ஜாடியை நிறுத்தி, எண்ணெயின் சூடு 50 முதல் 60 பாகைக்குள் இருக்குமாறு நாள்தோறும் நான்கு மணி நேரம், மூன்று நாள் சூடேற்ற வேண்டும். வெப்பமானி இல்லையென்றால், ஜாடியைத் தொட்டால் சுட வேண்டும், ஆனால் எண்ணெயில் ஒரு குமிழியும் எழக் கூடாது என்பது கணக்கு. இங்கே பலர் செய்யும் தவறு ஜாடியை மூடிவிடுவது. மூடியின் அடிப்புறத்தில் ஆவி படிந்து, முத்து முத்தாகத் திரண்டு, திறக்கும்போது சொட்டென்று எண்ணெய்க்குள் விழும்; மூன்று நாள் உலர்த்தியதன் பலனை அந்த ஒரு சொட்டு கெடுத்துவிடும். எனவே சூடேற்றும் நேரத்தில் மெல்லிய பருத்தித் துணியை மட்டும் வாயில் கட்டி வையுங்கள், பாத்திரத்து நீரின் ஆவி துணியை நனைக்காதபடி ஜாடியின் கழுத்து உயரமாக இருக்கட்டும்.

சூடேற்றி முடிந்ததும் மூடி, இருட்டில் மூன்று வாரம் வைத்து வடிகட்டினால், மழை நனைத்த மண்ணையும் புல்லையும் நினைவூட்டும் பழுப்பு நிறத் தைலம் கிடைக்கும். மணம் போதவில்லை என்றால் வேரின் அளவைக் கூட்டாமல், அதே எண்ணெயில் புது வேரை இட்டு மறுபடியும் முழுச் சுற்றையும் செய்யுங்கள். இரண்டாம் சுற்றுக்குப் பின் வரும் ஆழம், ஒரே சுற்றில் இரட்டிப்பு வேர் போட்டாலும் வராது.

கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, உலர்ந்த பச்சோளி இலை ஆகியவற்றுக்கும் இதே முறைதான். குந்துருக்கம், வெள்ளைப்போளம் போன்ற பிசின்களை இடித்தால் உலக்கையில் ஒட்டிக்கொண்டு பாடாய்ப்படுத்தும். ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்து எடுத்து இடித்தால் கற்கண்டுபோல் உடையும். இவற்றில் எண்ணெயில் கரையும் பகுதியும் கரையாத கோந்துப் பகுதியும் கலந்தே இருப்பதால், அடியில் கசடு தங்குவதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. சாம்பிராணி இந்த வழிக்கு வராது. அது ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். எண்ணெயில் அடம் பிடிக்கும். சந்தனத் தூளும் அப்படியே. கட்டைக்குள் இறுகியிருக்கும் சாண்டலால் என்ற மணப்பொருள் ஊறவைப்பதற்கு எளிதில் இசைவதில்லை, நெடுநேரம் நீராவியில் வடித்தால்தான் வெளிவரும். அதற்கு வடித்த சந்தன எண்ணெயைச் சிறு புட்டியாக வாங்கிக்கொள்வதே சிக்கனம்.

மல்லிகைக்கு வேறு வழி

மல்லிகையைச் சூடேற்றினால் மணம் வெந்துபோகும். எண்ணெயில் மூழ்கடித்தால் மூச்சடைத்து அழுகும். ஆனால் மல்லிகைக்கும் நிலசம்பங்கிக்கும் ஓர் அரிய குணம் உண்டு: செடியிலிருந்து பறித்த பிறகும் அவை உயிரோடு இருந்து, பல மணி நேரம் புதிதாக மணத்தை உண்டாக்கி வெளியிட்டுக்கொண்டே இருக்கும். பிரான்சின் கிராஸ் நகரத்தார் இந்தக் குணத்தை நம்பித்தான், கண்ணாடித் தட்டுகளில் கொழுப்பைப் பூசி அதன்மேல் பூக்களைப் பரப்பி, பூ வெளியிடும் மணத்தைக் கொழுப்பு உறிஞ்சிக்கொள்ளச் செய்தார்கள். பூவைப் பிழிவதோ காய்ச்சுவதோ இல்லாததால், நீர் பூவிலேயே தங்கிவிடுகிறது.

ஒரே அளவுள்ள ஆழமற்ற கண்ணாடித் தட்டுகள் இரண்டும், மணம் நீக்கிய தேங்காய்க் கொழுப்பும் போதும். ஒரு தட்டில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குக் கொழுப்பை உருக்கி ஊற்றி உறையவிட்டு, முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். பரப்பு கூடினால் உறிஞ்சுவதும் கூடும். கொழுப்பு உறையாத அளவுக்கு அறை வெப்பமாக இருந்தால், ஜோஜோபாவில் நனைத்து லேசாகப் பிழிந்த தடித்த பருத்தித் துணியைத் தட்டில் விரித்துக்கொள்ளலாம். எண்ணெயில் நனைத்த துணியைச் சட்டத்தில் கட்டிப் பூ பரப்புவதும் அந்த ஊரின் பழைய வழக்கமே; தைலம் நேரடியாகத் திரவமாகவே கிடைப்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

மாலையில், நன்றாக முற்றி அன்றிரவே விரியப்போகும் மொக்குகளைப் பறியுங்கள். மருந்து தெளித்த செடியாக இருக்கக் கூடாது. கழுவவும் கூடாது, தூசு இருந்தால் ஊதிவிட்டால் போதும். பச்சைக் காம்பையும் புல்லிவட்டத்தையும் கிள்ளி எறிந்துவிடுங்கள்; ஈரமும் பச்சை வாடையும் அங்குதான் அதிகம். மொக்குகள் உலர்ந்த துணியில் கிடந்து இதழ் அவிழத் தொடங்கும்போது, வாய் கீழ்நோக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தட்டில் அடுக்கி, மற்றத் தட்டைக் கவிழ்த்து மூடி இருட்டில் வையுங்கள்.

இருபத்துநான்கு மணி நேரம் கழித்துப் பழைய பூவை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புதுப் பூவை அடுக்க வேண்டும். மேல்தட்டின் உட்புறம் வியர்த்திருக்கும். அதை உலர்ந்த துணியால் துடைத்த பிறகே மறுபடியும் கவிழ்க்க வேண்டும். இப்படிக் குறைந்தது 15 முறை, பூ கிடைத்தால் 30 முறை. முதல் ஐந்தாறு மாற்று வரை ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும், அங்கே மனம் தளர வேண்டாம். நான் முதன்முதலில் செய்தபோது, ஒன்பதாவது மாற்றில் வேறு வேலையில் ஒரு நாள் பூ எடுக்க மறந்துவிட்டேன். மறுநாள் பார்த்தபோது இதழ்களின் ஓரம் பழுப்பேறி, துணியில் தேநீர்க் கறைபோன்ற புள்ளிகள் படிந்திருந்தன. மல்லிகையின் மணத்துக்கு உடலைக் கொடுக்கும் இண்டோல் என்ற பொருள் அளவோடு இருக்கும்வரைதான் அழகு, மிஞ்சினால் மலநாற்றம். பழுப்பேறிய பூவின் அழுகலும் அதோடு சேர்ந்துகொள்ள, எட்டு நாள் உழைப்பு அந்தத் துணியோடு போயிற்று. அதன் பிறகு அலாரம் வைத்துக்கொண்டுதான் இந்த வேலையைத் தொடங்குகிறேன். நிலசம்பங்கி இந்த அளவுக்குக் கண்டிப்பானது அன்று. இரண்டு நாள் வரை தட்டில் இருந்தாலும் மணம் விட்டுக்கொண்டிருக்கும்.

மாற்றுகள் முடிந்ததும் கொழுப்பை அப்படியே வழித்துச் சிறு டப்பாவில் வைத்துப் பூசிக்கொள்ளலாம். துணியாக இருந்தால் முறுக்கிப் பிழிந்து தைலத்தைச் சேகரிக்கலாம்.

ரோஜாவுக்கு இந்த ஆயுள் இல்லை. பறித்த பின் புதிதாக மணம் உண்டாக்காது. இருப்பதைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ள வேண்டும். மணமுள்ள இதழ்களை நிழலில் சில மணி நேரம் வாடவிட்டு, 50 முதல் 60 பாகைச் சூட்டிலுள்ள எண்ணெயில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி, வடித்து, அதே எண்ணெயில் புது இதழை இடுவதை ஆறேழு முறை செய்யலாம். வெளிப்படையாகச் சொன்னால், உழைப்புக்கு ஏற்ற பலன் வருவதில்லை. ரோஜாவின் முக்கிய மணப்பொருளான பினைல் எத்தில் ஆல்கஹால் நீரோடும் உறவு கொண்டாடுவது. பன்னீர் அவ்வளவு மணப்பதும் அதனால்தான்.

வட இந்தியாவில் நெடுங்காலமாக வழங்கும் இன்னொரு முறையில், பூவை எண்ணெயில் போடாமல் எள்ளோடு சேர்க்கிறார்கள். தோல் நீக்கி நன்கு உலர்த்திய எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் பரப்பி, ஒரு நாள் கழித்துச் சலித்துப் பூவை நீக்கி, புதுப் பூ இட்டு, மணம் போதுமென்று தோன்றும்வரை தொடர்ந்துவிட்டு எள்ளை ஆட்டி எண்ணெய் எடுப்பார்கள். எள் மணத்தை உள்வாங்கிக்கொள்கிறது; ஈரம் பட்டாலும் ஆட்டுவதற்கு முன் உலர்த்திவிடலாம். வீட்டில் சிறு எண்ணெய் ஆட்டும் கருவி இருப்பவர்கள் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

இறுத்தலும் சோதனையும்

எந்த முறையில் செய்தாலும், வடிகட்டிய தைலத்தை உயரமான குறுகிய கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மூன்று நாள் அசைக்காமல் வையுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பார்த்தால், அடியில் மூக்குத்திக் கல் அளவில் உருண்டைகள் நிற்கலாம். அவையே நீர். குவளையைச் சாய்க்காமல், ஊசி இல்லாத சிரிஞ்சால் மேலிருந்து தைலத்தை உறிஞ்சி வேறு புட்டிக்கு மாற்றி, அடியிலுள்ள ஒரு சென்டிமீட்டரை விட்டுவிடுங்கள். அந்த ஒரு சென்டிமீட்டர் மீது ஆசை வைத்தவர்களே மறுபடியும் புளிப்பு வாடையைச் சந்திப்பவர்கள்.

இறுத்தது போதுமா என்பதை, மருந்துத் தைலம் காய்ச்சுபவர்களின் பழைய சோதனையால் அறியலாம். பருத்தித் திரியொன்றைத் தைலத்தில் நனைத்து, புட்டியிலிருந்து விலகி நின்று கொளுத்துங்கள். சத்தமின்றி எரிந்தால் சரி. சடசடவென்று பொரிந்தால் இன்னும் நீர் இருக்கிறது, மேலும் இரண்டு நாள் தெளியவிட வேண்டும்.

கூட்டுதல்

ஊறவைத்த தைலம், வடித்தெடுத்த எண்ணெயின் வீரியத்துக்கு ஈடாகாது. தோலில் ஓரிரு மணி நேரம், அதுவும் அருகில் வருபவர்க்கு மட்டுமே மணக்கும். அதனால் நாம் செய்ததை உடலாகவும், வாங்கிய வடித்த எண்ணெய்ச் சொட்டுகளை முதுகெலும்பாகவும் வைத்துக் கூட்டுவதே நடைமுறை. ஒரு மில்லி என்பது ஏறத்தாழ 20 சொட்டு. 10 மில்லி உருளைப் புட்டிக்கு மல்லிகைத் தைலம் 6 மில்லி, வெட்டிவேர்த் தைலம் 3 மில்லி, சந்தன எண்ணெய் 12 சொட்டு, ஏலக்காய் எண்ணெய் 2 சொட்டு என்று தொடங்கலாம். ஏலம் முதலில் எழுந்து அரை மணி நேரத்தில் அடங்கும், மல்லிகை நடுவில் நிற்கும், வேரும் சந்தனமும் கடைசிவரை தோலைப் பற்றிக்கொண்டு மற்றவற்றையும் இழுத்து நிறுத்தும். சந்தனத்தையும் வேரையும் முதலில் கலந்து ஓர் இரவு விட்டு, மறுநாள் மற்றவற்றைச் சேர்த்து, மூன்று நான்கு வாரம் இருட்டில் வைத்த பிறகே கூட்டை எடைபோட வேண்டும். கலந்த அன்று முகர்ந்துவிட்டு மேலும் நான்கு சொட்டு சேர்ப்பவர் பின்னால் வருந்துவார்.

இயற்கை என்பதால் எல்லாம் தோலுக்கு இணக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. எலுமிச்சை இனத்துப் பழமான பெர்கமோட்டின் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெய் பூசிய இடத்தில் வெயில் பட்டால் தோல் கன்றிக் கருக்கும். சர்வதேச நறுமணப் பொருள் கூட்டமைப்பான இஃப்ரா அதற்கு வைத்த வரம்பு 0.4 விழுக்காடு, அதாவது 10 மில்லியில் ஒரு சொட்டுக்கும் குறைவு. பிழிந்தெடுத்த எலுமிச்சை வகைகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கிராம்பு எண்ணெய் 10 மில்லிக்கு ஒரு சொட்டைத் தாண்ட வேண்டாம். லவங்கப்பட்டை எண்ணெயை அறவே விட்டுவிடுவது நல்லது. எந்தக் கூட்டையும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு தடவி, இரண்டு நாள் பார்த்துச் சிவப்போ அரிப்போ இல்லையென்றால் மட்டுமே பயன்படுத்துங்கள். கைக்குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

நீரற்ற தைலத்தில் பூஞ்சை வளராது, எனவே பதப்பொருள் தேவையில்லை. காற்றால் வரும் சிக்கு வாடையைத் தள்ளிப்போட, 100 மில்லிக்கு அரை மில்லி வைட்டமின் ஈ எண்ணெய் சேர்த்து, பழுப்புக் கண்ணாடிப் புட்டிகளில் கழுத்துவரை நிரப்புங்கள். பெரிய புட்டி ஒன்றைப் பாதியாக வைத்திருப்பதைவிடச் சிறு புட்டிகள் நான்கு மேல். ஒவ்வொன்றிலும் எண்ணெயின் பெயர், செய்த நாள், எத்தனை மாற்று என்று எழுதி ஒட்டுங்கள். மல்லிகையை ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடலாம். வெட்டிவேரில் ஒரு புட்டியைத் திறக்காமல் தனியே வைத்து, அடுத்த முறை செய்யும் புதுத் தைலத்தோடு பக்கத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள். பச்சை நெடி அடங்கி எது கனிந்திருக்கிறது என்று மூக்கு அறிந்துகொள்ளும், மறுமுறை எத்தனை வாரம் பொறுப்பது என்பதையும் அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.